சின்னக் காடி: புதுசா, பழசா? சம்பளத்தைப் பார்த்து முடிவு செய்வோம்!



"சின்னதா ஒரு காடி எடுக்கலாம்னு இருக்கோம். புதுசா எடுக்கிறதா, கைமாறின பழசு போதுமா?" இந்தக் கேள்வி இன்று வீட்டு வாசலிலும், கடைத்தெருவிலும், கோயில் திருவிழாக் கூட்டத்திலும் சர்வசாதாரணமாகக் காதில் விழுகிறது. இதற்குப் பதில் சொல்பவர் யார் என்று பார்த்தால், ஒன்று காடி விற்கிறவராக இருப்பார். அல்லது போன மாதம்தான் கடனில் காடி எடுத்துவிட்டு, 'நல்ல காரியம் செய்தீர்கள்' என்று நாலு பேர் சொல்ல வேண்டுமென்று எதிர்பார்க்கும் அடுத்த வீட்டுக்காரராக இருப்பார். இருவர் சொல்வதையும் கேட்போம். ஆனால் கணக்கை நாமேதான் போட வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் இப்பகுதியில் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

காடி ஆடம்பரமா?

"பால் மரம் வெட்டுறவனுக்கும் செம்பனைக் குலை அறுக்கிறவனுக்கும் காடி எதுக்கு?" என்று ஏளனம் பேசுவோர் இன்னமும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை நாம் ஏற்பதற்கில்லை. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் பத்து, பதினைந்து கிலோமீட்டர். செம்மண் சாலையைத் தாண்டித்தான் தார்ச் சாலையே தொடங்குகிறது. பல தோட்டங்களின் வாசலுக்குப் பேருந்து எட்டிப் பார்ப்பதில்லை. நடுநிசியில் பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்தால் என்ன செய்வது? வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டிய பெரியவரை யார் ஏற்றிப் போவது? ஒவ்வொரு முறையும் கிராணியிடமும் கடைக்காரரிடமும் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க முடியுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா ஓட்ட, முன்னால் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் கைக்குழந்தையோடு அம்மா என்று ஒரே மோட்டார் சைக்கிளில் ஒரு குடும்பமே மழையில் நனைந்துகொண்டு போகிற காட்சியை நாம் காணாத நாளில்லை. இந்நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தாம். அந்தப் பிள்ளைகளின் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்று ஒரு தகப்பன் நினைத்தால் அது ஆடம்பரமாகாது. ஆகவே காடி வேண்டுமா என்பது நம் கேள்வியல்ல. எந்தக் காடி, எந்த விலையில், எத்தனை ஆண்டுக் கடனில் என்பதே கேள்வி.

சிறிய காடிகளின் கதை

1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேசியக் காராகப் புரோட்டோன் சாகா வெளிவந்தபோது, அது நம்மில் பெரும்பாலோருக்கு வேடிக்கை பார்க்கும் பொருளாகத்தான் இருந்தது. 1994 ஆகஸ்டில் பெரோடுவா நிறுவனத்தின் கான்சில் வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. 660 சிசி, மூன்றே சிலிண்டர். சருகுமானின் பெயரைத் தாங்கி, அதைப் போலவே சின்ன உடம்போடு சந்து பொந்தெல்லாம் நுழைந்து போனது. பிறகு 850 சிசியிலும் வந்தது. 2009இல் அதன் தயாரிப்பு நின்றது. இடையே 2001இல் கெலிசா, 2007இல் விவா, 2014 செப்டம்பரில் ஆக்சியா என்று அடுத்தடுத்து வந்தன. 2023 பிப்ரவரியில் ஆக்சியா புது உருவெடுத்தது. சாதாரண வகையின் விலை 38,600 வெள்ளி, கியர் மாற்றத் தேவையில்லாத தானியங்கி. அதே ஆண்டில், பழைய உருவிலேயே, கையால் கியர் போடும் மலிவு ஆக்சியா ஒன்றும் 22,000 வெள்ளி விலையில் வந்தது. வானொலிப் பெட்டிகூடக் கிடையாது. ஓடும், நிற்கும், மழைக்குத் தாங்கும், அவ்வளவுதான்.

இந்த 22,000 வெள்ளிக் காடி வந்தபோது, "ரேடியோ இல்லாம ஒரு காடியா?" என்று சிரித்தவர்களும் உண்டு. நம்மைக் கேட்டால், தோட்டத்துக் குடும்பத்தை மனத்தில் வைத்துப் பார்க்கையில் அது சிரிக்க வேண்டிய காடியல்ல. பாட்டுக் கேட்க ஆயிரம் வழியுண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வழி இல்லை.

இவ்வகைச் சின்னக் காடிகளுக்கு உள்ள முதல் நன்மை சாலை வரி. தீபகற்ப மலேசியாவில் 1000 சிசி வரையுள்ள தனியார் காருக்கு ஆண்டுக்கு 20 வெள்ளிதான். 1300 சிசி சாகாவுக்கு 70 வெள்ளி. இரண்டாவது நன்மை பெட்ரோல். மூன்றாவது, உதிரிப்பாகம் எந்தச் சின்னப் பட்டணத்திலும் கிடைக்கும்; எந்தப் பட்டறை போர்மனுக்கும் இந்த இயந்திரம் பழக்கம். இந்த மூன்றாவது நன்மையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெயர் பெற்ற வெளிநாட்டுக் காடி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிட்டு, ஒரு சாமானுக்காகக் கோலாலம்பூர் வரை அலைந்து, கடைசியில் வீட்டுப் பின்புறம் கோழி அடையும் கூண்டாக அதை விட்டுவைத்தவர்கள் உண்டு. யானை வாங்கினவன் அங்குசம் வாங்கக் காசில்லாமல் நின்ற கதைதான்.

மாதம் 241 வெள்ளிதானே!

இனிக் கணக்குக்கு வருவோம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

22,000 வெள்ளிப் புதுக் காடி. நூற்றுக்குப் பத்து முன்பணம் 2,200 வெள்ளி. மீதிக் கடன் 19,800. வட்டி ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு, தவணை 9 ஆண்டு என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிவந்த வாடகைக் கொள்முதல் கணக்கின்படி, முதலில் வாங்கிய கடன் முழுவதற்கும் கடைசி மாதம் வரை வட்டி உண்டு. அதன்படி வட்டி மட்டும் 6,237 வெள்ளி. மொத்தம் 26,037. அதை 108 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 241 வெள்ளி.

"மாசம் 241தானே அண்ணே, கட்டிடலாம்!" என்பார் விற்பனைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் முழுக் கணக்கையும் சொல்லவில்லை.

காப்புறுதி முதலாண்டு 900 வெள்ளி என்று வைப்போம், மாதத்துக்கு 75. சாலை வரி மாதத்துக்கு 2 வெள்ளிகூட ஆகாது. மாதம் 800 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கணக்கில் 50 லிட்டர். 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்குக் கிடைத்த 1 வெள்ளி 99 காசு விலையில் அது 100 வெள்ளி. சர்வீஸ், கருப்பெண்ணெய் வகையில் மாதம் 50 ஒதுக்க வேண்டும். டயரும் பேட்டரியும் ஒருநாள் தேய்ந்து போகும்; அதற்கு மாதம் 30. கூட்டிப் பாருங்கள். 241 அல்ல, 498 வெள்ளி. ஆக, காடியின் மாதச் செலவு 500 வெள்ளி. தவணை அதில் பாதிதான்.

இப்போது சம்பளத்தைப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி என்று ஆனது. சேமநிதிக்கு நூற்றுக்குப் பதினொன்று, அதாவது 187 வெள்ளி பிடித்து, சொக்சோவுக்கும் பிடித்த பிறகு கைக்கு வருவது ஏறத்தாழ 1,500. அதில் மூன்றில் ஒரு பங்கைக் காடி தின்றுவிட்டால், அரிசிக்கும் பால்மாவுக்கும் பள்ளிச் செலவுக்கும் மிஞ்சுவது 1,000 வெள்ளி.

38,600 வெள்ளித் தானியங்கிக் காடியை இதே கணக்கில் போட்டால், தவணை மட்டும் மாதம் 423 வெள்ளி. காப்புறுதியும் கூடும். மாதச் செலவு 700 வெள்ளியைத் தாண்டிவிடும். ஒற்றைச் சம்பளக் குடும்பத்துக்கு அது பாதிச் சம்பளம்! விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா?

தவணைக் காலத்தை நீட்டினால் மாதத் தொகை குறையும் என்பது உண்மை. ஆனால் 19,800 வெள்ளிக் கடனை 9 ஆண்டில் அடைத்தால் வட்டி 6,237. 5 ஆண்டில் அடைத்தால் 3,465. வித்தியாசம் 2,772 வெள்ளி. அது இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டி போடும் முறையும் உண்டு. ஆகவே வட்டி விகிதத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். 'எந்த முறைக் கணக்கு, கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?' என்று கேளுங்கள். அந்த மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள்.

பழசில் இலாபம் உண்டா?

இதே காடியின் பழைய பிரதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏழெட்டு வயதான, கையால் கியர் போடும் ஆக்சியா 15,000 வெள்ளிக்குக் கிடைப்பதாக வைப்போம். முன்பணம் 3,000. கடன் 12,000. பழைய காடிக்கு வட்டி பொதுவாகக் கூடுதல். நாலரை விழுக்காடு என்று வைப்போம். 5 ஆண்டுத் தவணையில் வட்டி 2,700. மொத்தம் 14,700. மாதம் 245 வெள்ளி.

கவனித்தீர்களா? புதுசுக்கு 241, பழசுக்கு 245. "நாலு வெள்ளி குறைச்சலுக்குப் புதுசே கிடைக்கும்போது பழசு எதுக்கு?" என்று தோன்றும். இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாறுகிறார்கள். பழசுக்கு 245 வெள்ளியை 60 மாதம் கட்டுகிறோம். புதுசுக்கு 241 வெள்ளியை 108 மாதம் கட்டுகிறோம். முன்பணத்தையும் சேர்த்தால், புதுசுக்குப் போவது 28,237 வெள்ளி, பழசுக்கு 17,700. வித்தியாசம் 10,537 வெள்ளி. ஐந்தாண்டு முடிந்த பிறகும் அந்த 245 வெள்ளியை மாதாமாதம் சேர்த்தே வந்தால், நாலு ஆண்டில் 11,760 வெள்ளி கையில் நிற்கும்.

பழசின் குறையையும் மறைக்கக் கூடாது. புதுக் காடிக்குப் பெரோடுவா 5 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. பழசு பழுதானால் நம் பை தான். சர்வீஸ் செலவுக்கு 50 அல்ல, 80, 100 என்று ஒதுக்க வேண்டும். கடன் முடிகிறபோது காடிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகியிருக்கும். அந்தக் காடி அதற்குப் பிறகும் ஓடுமா என்பது வாங்குகிற நாளில் நாம் எப்படிப் பார்த்து வாங்கினோம் என்பதைப் பொறுத்தது.

பார்த்து வாங்கும் விதம்

பழைய காடியை மாலையில் போய்ப் பார்க்காதீர்கள், மழையில் பார்க்காதீர்கள். காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். முதல் திருப்பில் உயிர் பெறுகிறதா? புகை நீலமாக வந்தால் இயந்திரம் எண்ணெய் குடிக்கிறது என்று பொருள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால், தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கக்கூடும். போர்மன் பார்த்துச் சரியென்று சொல்லாமல் அந்தக் காடிக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் வட்டாரங்களில் வெள்ளம் வந்து எத்தனையோ காடிகள் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். மூழ்கிய காடியைக் கழுவித் துடைத்து, வாசனைத் தைலம் அடித்து விற்பவர்களும் உண்டு. இருக்கைப் பட்டியைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு இருக்கும். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். உதிரிச் சக்கரம் கிடக்கும் பள்ளத்தில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். மணலும் துருவும் கதையைச் சொல்லிவிடும்.

தோட்டத்துக்குள்ளேயே கைமாறும் காடி என்றால் அடிப்பாகத்தைக் குனிந்து பார்ப்பது மிக முக்கியம். செம்மண் சாலையின் குழிகளில் விழுந்து எழுந்து, சக்கரத்தைத் தாங்கும் இரப்பர் புஷ்களும் அப்சார்பரும் தளர்ந்திருக்கும். உர மூட்டை ஏற்றிய காடி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பொட்டாஷ் உரம் உப்பு வகை, இரும்பை அரித்துவிடும். புழுதிச் சாலையில் ஓடிய காடியின் காற்று வடிகட்டியைத் திறந்து பார்த்தாலே, உரிமையாளர் அதை எப்படிப் பராமரித்தார் என்று தெரிந்துவிடும்.

மீட்டரில் 60,000 கிலோமீட்டர் என்று காட்டும். கிளட்ச் மிதியின் இரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். இரண்டில் எது உண்மை? மிதி பொய் சொல்லாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பூ நிறைய இருக்கிறதே என்று பழைய டயரை நம்பிவிடக் கூடாது. கான்சில், அதேபோல் பழைய கேம்ப்ரோ இயந்திர சாகா ஆகியவற்றில் டைமிங் பெல்ட் உண்டு; எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஆக்சியாவில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஐம்பதோ நூறோ கொடுத்து உங்களுக்கு நம்பிக்கையான போர்மனைக் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பவர் காட்டும் போர்மன் வேண்டாம். அந்த நூறு வெள்ளியைச் சேமித்து, பிறகு மூவாயிரம் வெள்ளிக்கு இயந்திரம் இறக்கியவர்கள் நம்மிடையே கொஞ்சப் பேரில்லை. கிராண்டில் உள்ள சேஸிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் காடியில் உள்ள எண்ணும் ஒன்றா, பேங்க் கடன் பாக்கி நிற்கிறதா, சம்மன் பாக்கி உண்டா என்பதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் தெரிந்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

கான்சில் போதுமா?

"எங்கப்பா இன்னமும் கான்சில்தான் ஓட்டுறாரு, கல்லு மாதிரி இருக்கு" என்பார்கள். உண்மைதான். ஆனால் கடைசிக் கான்சிலே 2009இல் செய்தது. எந்தக் கான்சிலிலும் காற்றுப் பை கிடையாது, தகடும் மெலிது. தோட்டத்திலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் மெதுவாகப் போய்வர அது இன்றும் உதவும். மோட்டார் சைக்கிளில் நால்வர் போவதைவிட மேல். நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக அது காடியல்ல என்பதே நம் கருத்து. 2014க்குப் பிறகு வந்த ஆக்சியாவில் முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப் பை உண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். தடுப்பு எல்லா வகையிலும் இருந்ததில்லை, கேட்டு வாங்குங்கள்.

எந்தக் காடியானாலும் பின்னிருக்கையில் அமர்பவரும் பட்டி அணிய வேண்டும் என்பது 2009 ஜனவரி முதல் சட்டம். குழந்தைகளுக்கு உரிய தனி இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயம். போலீஸ்காரருக்குப் பயந்து அல்ல, பிள்ளைக்காகப் போடுங்கள். காடியின் விலையில் அந்த இருக்கையின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மூன்று குழிகள்

காடி விஷயத்தில் நம் மக்கள் விழுகிற குழிகள் மூன்று.

முதலாவது, 'சம்பூங் பாயார்'. ஒருவர் பெயரில் உள்ள கடன் காடியை, பேங்குக்குத் தெரியாமல் இன்னொருவர் வாங்கிக்கொண்டு மீதித் தவணையைக் கட்டுவது. மலிவாகத் தெரியும். ஆனால் கடன் முடியும்வரை காடி பேங்குக்குச் சொந்தம். அதைக் கைமாற்றி விற்க யாருக்கும் உரிமையில்லை, சட்டப்படி குற்றம். வாங்கியவர் கட்டாமல் விட்டால் பெயர் கொடுத்தவர் கடன்காரராகிறார். ஒழுங்காகக் கட்டினாலும் காடி கட்டியவருக்குச் சொந்தமாகாது. இரண்டு பக்கமும் அடி.

இரண்டாவது, ஜாமீன் கையெழுத்து. "ஒரு கையெழுத்துத்தானே மாமா" என்று மருமகப்பிள்ளை கேட்பார். அந்த ஒரு கையெழுத்து, அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்பதாகும். 'எனக்கே கட்ட முடியும் என்றால் மட்டுமே கையெழுத்து' என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். உறவு கெடும் என்று பயப்படாதீர்கள். மறுப்பதால் ஒரு மாதம் முகம் கோணும். கட்ட நேர்ந்தால் ஒன்பது ஆண்டு பேச்சு வார்த்தை நிற்கும்.

மூன்றாவது, முன்பணத்துக்காக ஆலோங்கிடம் கைநீட்டுவதும், சேமநிதியை உடைப்பதும். 2024 மே முதல் சேமநிதியில் நினைத்த நேரம் எடுக்கக்கூடிய கணக்கு ஒன்று வந்தது. அதை எடுத்துக் காடிக்கு முன்பணம் கட்டலாமே என்று பலர் எண்ணுகிறார்கள். முன்பணத்துக்கே கையில் காசில்லையென்றால், மாதம் 500 வெள்ளிக்கு மட்டும் காசு எங்கிருந்து வரும் என்று யோசிக்க வேண்டாமா?

தவணை தவறினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை கட்டத் தவறினால் காடியைப் பறிமுதல் செய்ய நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் 21 நாள் அவகாசம் தந்து எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். காடியின் விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டிவிட்டவரிடமிருந்து, நீதிமன்ற ஆணையில்லாமல் இழுத்துப் போக முடியாது. இதைத் தெரியாததால், முக்கால்வாசிக் கடனை அடைத்த பிறகும் நாலு ஆட்கள் வந்து மிரட்டியதும் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். அறிவிப்புக் கடிதம் வந்தால் அலமாரிக்குள் போடாதீர்கள். அன்றைக்கே பேங்குக்குப் போய்ப் பேசுங்கள். காடியை ஏலம் விட்டும் கடன் அடையாவிட்டால், மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும். காடியும் போய்க் கடனும் நிற்கும்.

வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். "நம்பர் எல்லாம் நாங்க அப்புறம் எழுதிக்கிறோம் அக்கா" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். படித்த பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். கடைக்காரர் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றானால், மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.

நம் தீர்ப்பு

இனி, புதுசா பழசா என்ற கேள்விக்குப் பதில் சொல்வோம். காடிக்கு ஆகும் முழு மாதச் செலவு, குடும்பத்தின் கைக்கு வரும் பணத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதை அளவாக வைப்போம்.

கணவன் மனைவி இருவரும் வேலை செய்து, கைக்கு 3,000 வெள்ளி வருகிறதென்றால் புதுசு எடுக்கலாம். 22,000 வெள்ளியையொட்டிய எளிய காடி போதும். தவணை 5 ஆண்டென்றால் மாதம் 388 வெள்ளி. எல்லாச் செலவும் சேர்த்து 645. கால் பங்குக்குள் அடங்கும். முடியாவிட்டால் 7 ஆண்டு. 9 ஆண்டு வேண்டவே வேண்டாம். வீட்டில் நோயாளி இருந்து, வாரத்தில் பலமுறை தொலைவு போக வேண்டியிருந்தால் புதுசே மேல்.

ஒருவர் முழுச் சம்பளம், இன்னொருவர் அரைச் சம்பளம் என்று 2,000 அல்லது 2,300 வெள்ளி வருகிற வீட்டுக்கு ஏழெட்டு வயதான பழைய காடி பொருந்தும். ஐந்தாண்டுக்கு மேல் கடன் வேண்டாம். முன்பணத்தை எவ்வளவு கூட்டிக் கட்ட முடியுமோ அவ்வளவு கட்டுங்கள்.

ஒற்றைச் சம்பளக் குடும்பம் கடனில் காடி எடுக்கக் கூடாது. இதைச் சொல்வதில் நமக்கு மகிழ்ச்சியில்லை. ஆனால் 1,500 வெள்ளியில் 500 போனால் அடுத்த வெட்டுக் காலுக்கோ கழுத்துக்கோ என்றுதான் வாழ வேண்டும். மழை நாளில் பால் வெட்டில்லை, இலை உதிர்வில் வருமானம் குறைவு, கால் முறிந்தால் படுக்கை. தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும். இவர்கள் கூட்டுப் பணம் கட்டியோ போனஸைச் சேர்த்தோ, கையில் உள்ள ரொக்கத்துக்குள் அடங்கும் பழைய விவாவையோ கெலிசாவையோ போர்மனைக் கொண்டு பார்த்து வாங்கட்டும். கடனில்லாத பழைய காடிக்கு மாதச் செலவு கால் பங்குக்குள் அடங்கிவிடும்.

காப்புறுதியில் ஒரு வார்த்தை. விபத்துக் கோரிக்கை எதுவும் செய்யாமல் ஓட்டினால், ஆண்டுக்கு ஆண்டு கழிவு கூடி, ஐந்தாண்டில் 55 விழுக்காடு வரை போகும். அந்தக் கழிவு காடிக்கல்ல, உங்களுக்குச் சொந்தம். காடியை மாற்றினாலும் கூடவே வரும். சிறு கீறலுக்கெல்லாம் கோரிக்கை போட்டு அதை இழந்துவிடாதீர்கள். ஆற்றோரத் தோட்டத்துக்காரர்கள் வெள்ளப் பாதுகாப்பைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காப்புறுதியில் அது தானாக வராது.

கடைசியாக, காடியைப் பற்றிப் பேசும்போது வீட்டைப் பற்றிப் பேசாமலிருக்க முடியாது. நாம் குடியிருக்கும் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. தோட்டம் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபோது, முப்பது, நாற்பது ஆண்டு உழைத்தவர்கள் சட்டி பானையோடு சாலையில் நின்றதை சிலாங்கூரிலும் பேராக்கிலும் ஜொகூரிலும் நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். அப்படி நிற்கிற நாளில், ஒன்பதாண்டுக் கடனில் வாங்கிய காடியில் குடும்பத்தோடு படுத்துக்கொள்ள முடியாது. மேலே போட்ட கணக்கில் மிஞ்சிய 10,537 வெள்ளி வெறும் எண்ணல்ல. மலிவு விலை வீடு ஒன்றின் முன்பணத்துக்கு அதிலிருந்துதான் வழி பிறக்க வேண்டும்.

இந்தக் கணக்கை இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டுக்காரம்மாவையும் படித்த பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொண்டு, உங்கள் சம்பளச் சீட்டை முன்னால் வைத்துப் போட்டுப் பாருங்கள். விற்பனைக்காரரிடம் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.